சாவி நம் மடியிலேயே இருக்கிறது

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எதிர்மறை எண்ணங்களிலிருந்து மனதைக் காத்துக்கொள்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் கிறிஸ்தவன். எனக்குத் தெரிந்த வழி வேதாகமம் காட்டும் வழி. அதைத்தான் சொல்லப்போகிறேன். மற்ற சமய நண்பர்கள் தங்களுக்குப் பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கவலைப்படுவது வேறு, கவனமாக இருப்பது வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்தது. அதன்பின் டிசம்பரில் வானம் இருண்டாலே நமக்கு நெஞ்சு படபடக்கிறது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை விசாரிப்பதும், பத்திரங்களை மேல் அலமாரியில் எடுத்து வைப்பதும் கவனம். அது நல்லது. ஆனால் எல்லாம் செய்து முடித்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, "இந்தத் தடவை நாம் தப்ப மாட்டோம்" என்று மனது சொல்கிறதே, அதுதான் எதிர்மறை எண்ணம். அந்த எண்ணம் நமக்கு எந்த வேலையும் தருவதில்லை. தூக்கத்தை மட்டும் பறித்துக்கொண்டு போகிறது.

மழை மட்டுமா? "பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், இனி நம்மை யார் பார்ப்பார்?", "நான் யாருக்கும் வேண்டாதவன்", "இந்த நோய் என்னை விடாது" என்று நம் வயதில் வரும் எண்ணங்கள் எத்தனையோ உண்டு. இவை வருவது பாவமல்ல. விசுவாசம் இல்லாததால்தான் வருகின்றன என்றும் நினைக்க வேண்டாம். எலியா தீர்க்கதரிசியைவிடப் பெரிய விசுவாசி யார்? அவரே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும், நான் சாக வேண்டும்" என்று மன்றாடினார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். அறிவுரையெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று அவர் புலம்பியபோது, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னார்.

எண்ணம் வருவதை நம்மால் தடுக்க முடியாது. வந்ததை என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விதி தெரியும். கள்ள நோட்டு வந்தால் கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது. முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, ரசீது கொடுத்து, நோட்டை வைத்துக்கொள்ள வேண்டும். "கொடுங்க சார், தந்தவன்கிட்டயே மாத்திக்கிறேன்" என்று கெஞ்சுவார்கள். கொடுத்தால் அது இன்னொரு அப்பாவியின் கைக்குப் போகும். எண்ணமும் அப்படித்தான். நம் பயத்தை மனைவியிடம் தள்ளுகிறோம், போனில் மகனிடம் தள்ளுகிறோம், வாட்ஸ்அப்பில் நாற்பது பேருக்கு அனுப்புகிறோம். எண்ணங்களைச் சிறைப்பிடித்துக் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் செய்ய வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பிடித்து நிறுத்தி, "இது உண்மையா? தேவன் என்னைப் பற்றிச் சொன்னதோடு இது ஒத்துப்போகிறதா?" என்று கேட்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அது அங்கேயே நிற்கட்டும், மேலே போகக் கூடாது. மனம் விட்டுப் பேசி உதவி கேட்பது வேறு. அதை அவசியம் செய்ய வேண்டும். நான் சொல்வது, சோதித்துப் பார்க்காமல் பயத்தைப் பரப்புவதைப் பற்றி.

சரி, பிடித்து நிறுத்த நம்மிடம் என்ன பலம் இருக்கிறது? இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் 1827-இல் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, தமிழில் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைப் பாடினார். அது 1894-இல் நூலாக வந்தது. பனியனின் மூலக் கதையில் ஒரு கட்டம் உண்டு. பயணியும் அவன் தோழனும் வழி தவறி, அவநம்பிக்கை என்ற அரக்கனிடம் அகப்படுகிறார்கள். அவன் அவர்களைச் சந்தேகக் கோட்டையில் அடைத்து, அடித்து, "உங்கள் உயிரை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்" என்றும் யோசனை சொல்கிறான். மூன்று நாள் கழிகிறது. சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் நேரத்தில் பயணிக்குச் சட்டென்று நினைவு வருகிறது. அவனிடமே ஒரு சாவி இருக்கிறது! அதன் பெயர் வாக்குத்தத்தம். அந்தச் சாவி கோட்டையின் எல்லாப் பூட்டையும் திறந்தது.

கவனியுங்கள், சாவி புதிதாக வரவில்லை. முதல் நாளிலிருந்தே அவனிடம்தான் இருந்தது. நம் கிறிஸ்தவ வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் வாங்குகிறோம், சட்டம் போட்டு மாட்டுகிறோம், பிப்ரவரிக்குள் மறந்துவிடுகிறோம். நள்ளிரவில் பயம் பிடித்த பிறகு வேதாகமத்தைப் புரட்டித் தேட முடியாது. ஆகவே பகலிலேயே ஆயத்தமாக இருங்கள். உங்களை அடிக்கடி வாட்டும் பயம் எது என்று பாருங்கள். அதற்கு ஏற்ற ஒரே ஒரு வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். எண்ணம் வரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் களக்காட்டுப் பக்கம் டோனாவூரை நினைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்து, அங்கே பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவர் ஏமி கார்மைக்கேல். 1931-இல் கீழே விழுந்து பலத்த காயம்பட்டார். 1951-இல் மறையும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். வலி போகவில்லை. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்தே நோயாளிகளுக்கு ஆறுதலாகப் புத்தகங்கள் எழுதினார். தன் வேதனையை இன்னொருவருக்கு மருந்தாக்கினார். மனதைக் காப்பதற்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு வார்த்தை. இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால், ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல. எலியாவுக்கு அடையும் தண்ணீரும் கொடுத்தவர்தான் நமக்கு மருத்துவரையும் கொடுத்திருக்கிறார்.

நமது தெருக்களில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். "நான் ஒருவன்தான்" என்று அவர்களில் யாரும் நினைக்கும்படி விடாதீர்கள். இன்று மாலையே ஒரு வீட்டு அழைப்பு மணியை அழுத்தி, "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

 தேவ சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்கட்டும்.