ஆரல்வாய்மொழிக் காத்தும் ரெண்டு இன்ச் புல்லும்

இந்த எபிசோடு எங்க வீட்டு முற்றத்துப் புல்தரையைப் பத்தி. நாகர்கோவிலுக்கு பஸ்ல போனவங்களுக்கு ஆரல்வாய்மொழி ஞாபகம் இருக்கும். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல கணவாய், முப்பந்தல் பக்கமெல்லாம் காத்தாடி. அந்தக் காத்தாடிகளைச் சுத்துற காத்துதான் எங்க புல்லையும் காய வச்சது. பாதி காத்து. மீதி நான்.

ஜூன் கடைசியில ஊருக்குப் போயிருந்தேன். அடுத்து வர ஒரு மாசம் ஆகும், இப்பவே ஒட்ட வெட்டிட்டா அம்மாவுக்கு வேலை மிச்சம்னு மெஷினை அடிமட்டத்துல வச்சு ஓட்டினேன். மூணு இன்ச் புல்லு ஒரு இன்ச்சுக்கும் கீழ போயிடுச்சு. "மக்களே, ஆடிக்காத்து வரப்போகுது, கொஞ்சம் விட்டு வெட்டு"ன்னாங்க அம்மா. கேக்கல.

ரெண்டு வாரத்துல போன். "முத்தமெல்லாம் சாக்கு விரிச்ச மாதிரி கெடக்கு." வீட்டுக்கே அளவா இருந்த கிணத்துத் தண்ணியை, நான் வருத்தப்படுவேன்னு தினமும் புல்லுக்கு ஊத்தியிருக்காங்க. அதைச் சொல்லவே இல்ல. பக்கத்து வீட்டுல சொல்லித்தான் தெரிஞ்சது.

அது அருகம்புல். வெயிலைத் தாங்குற ரகம்தான். ஆனா அதுல பச்சை மேல மட்டும்தான் இருக்கு, கீழ பழுப்புத் தண்டு. இலைதான் அதுக்குச் சமையல்கட்டு. மொத்தமா வெட்டிட்டா வேர் வளர்றது நின்னுடும், சேத்து வச்ச சத்தை எடுத்துத்தான் புது இலை விடணும். தென்மேற்குப் பருவக்காற்று மழையில பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே விட்டுட்டு, கணவாய்ல நெருக்கி வேகமா வருது. மூட இலை இல்லாத மண்ணு என்னாகும்?

ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக்கூடாது. ரெண்டு இன்ச்ல நிக்கணும்னா, மூணு வரும்போது வெட்டணும். அருகுக்கு ஒண்ணுலேர்ந்து ரெண்டு இன்ச் சரி. காத்துக்காலத்துல நான் ரெண்டை விட்டு இறங்குறதில்ல. ஐப்பசி மழை பிடிச்சு, புல்லு வேகமா வளரும்போது ஒன்றரைக்கு வரலாம், அதுவும் ரெண்டு மூணு வெட்டுல. கோல்ஃப் மைதானத்தைப் பாத்து ஆசைப்படாதீங்க. அது வேற ரகம், அங்க தினமும் பாத்துக்க ஆள் இருக்கு.

இன்னொண்ணு, மெஷின் லீவர்ல இருக்குற 1, 2, 3 எல்லாம் இன்ச் இல்ல! எனக்கே லேட்டாத்தான் தெரியும். பிளக்கைப் பிடுங்கிட்டு, சிமெண்ட் தரையில நிறுத்தி, தரைக்கும் பிளேடுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளங்க. எங்க மெஷின்ல ரெண்டு இன்ச்னா 3-ஆம் நம்பர்.

கல்யாணத்துல அருகு மாதிரி வேரோடணும்னு வாழ்த்துறாங்கல்ல, அது சும்மா இல்ல. மண்ணுக்குள்ள கிடந்த தண்டுலேர்ந்து, மழைக்கு அதுவே திரும்ப முளைச்சு வந்துச்சு. புதுசா எதுவும் நடல.

லீவர்ல 3-க்குக் கீழ அம்மா கருப்பு டேப் சுத்தி வச்சிருக்காங்க. "இதுக்குக் கீழ இறக்கப்படாது"ன்னு உத்தரவு.