குளிர்ந்துபோன ரேடியேட்டரும் ஒரு காந்தத் துண்டும்

(நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இங்கிலாந்திலிருந்து வந்திருக்கே, ஏதாவது பேசுப்பா" என்றார் நம் செயலாளர். என்ன தலைப்பு என்று கேட்டேன். "எதுவானாலும் சரி, பத்து நிமிஷத்துக்கு மேல போகாதே, சாப்பாடு ஆறிடும்" என்றார். சரி, ஆறிப்போவதைப் பற்றியே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். மெக்கானிக்கல் படித்த ஒருவன் சொந்த வீட்டு வெந்நீர்க் குழாயிடம் தோற்றுப்போன கதை இது.

முதலில் ஒரு சிறு விளக்கம். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு வேண்டும். எரிவாயுவில் எரியும் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். ஒரு சின்ன பம்ப் அந்தத் தண்ணீரைச் செப்புக் குழாய்கள் வழியே அறைக்கு அறை அனுப்பும். ஒவ்வோர் அறைச் சுவரிலும் ரேடியேட்டர் என்ற இரும்புத் தகட்டுப் பெட்டி இருக்கும். தண்ணீர் அதற்குள் போய், சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி பாய்லருக்கே திரும்பும். ஆண்டுக்கணக்கில் சுற்றுவது அதே தண்ணீர்தான். எங்கள் வீடு போன்ற பழைய வீடுகளில் பரணில் ஒரு தொட்டி இருக்கும். சுற்றும் தண்ணீர் குறைந்தால் அதிலிருந்து இறங்கும். தொட்டியில் மட்டம் குறைந்தால், நம் ஃப்ளஷ் தொட்டி மாதிரி, மிதவை தாழ்ந்து புதுத் தண்ணீரை விடும்.

2010 டிசம்பர். பிரிட்டனில் நூறு ஆண்டுகளில் அவ்வளவு குளிரான டிசம்பர் வந்ததில்லை. பேரனைப் பார்க்க அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாடியில் ஓரளவு சூடு, கீழே ஒன்றுமில்லை. பாய்லர் சில நிமிடம் எரியும், பட்டென்று நின்றுவிடும். நான் வெப்ப அளவைக் கூட்டினேன். பயனில்லை. ரேடியேட்டர் தலையில் உள்ள சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றினேன். 'உஸ்' என்று வந்தது. அரை நாள் கழித்து மறுபடி அதே கதை.

பழுது பார்க்க ஒருவர் வந்தார். பாய்லரின் வயதைக் கேட்டார். "மாற்றிவிடுங்கள்" என்றார். இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தேன். ஏனென்றால் அம்மா அடுப்படியில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "டிக்கெட்டை மாத்திக் குடுப்பா, நான் ஊருக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டார்கள். மகன் இன்ஜினியர் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய தாய்!

அன்று மாலை அம்மாதான் இன்னொன்றும் சொன்னார்கள். ரேடியேட்டர் மேல் சேலையை உலர்த்தியிருந்தார்கள். "ஏம்ப்பா, மேல்பக்கம் காயுது, கீழ்ப்பக்கம் ஈரமாவே இருக்கே?"

எனக்குச் சுருக்கென்றது. ரேடியேட்டரில் காற்று நின்றால் மேல்பாகம்தான் சில்லென்று இருக்கும். கீழ்பாகம் சில்லென்று இருந்தால் அடியில் ஏதோ படிந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் பாய்லர் மேல் என்ன குற்றம்?

நம் ஒர்க்‌ஷாப்பில் முதலாண்டு சொல்லிக் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள்: முதலில் கையை வை, பிறகு ஸ்பேனரை எடு. குழாய் குழாயாகக் கையை வைத்துக்கொண்டே போனேன். பரண் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் பெரிய குழாயோடு சேரும் டீ சந்தியில் ஒரு பக்கம் கொதித்தது, மறுபக்கம் வெதுவெதுப்பு. ஃபிரிட்ஜில் பையன் ஒட்டி வைத்திருந்த காந்தத்தை எடுத்து அங்கே வைத்தேன். ஒட்டிக்கொண்டது. செப்புக் குழாயில் காந்தம் ஒட்டுமா, நண்பர்களே? ஒட்டாது. உள்ளே இருந்ததுதான் ஒட்டியது.

பாய்லரையும் பம்பையும் நிறுத்தி, ஆறவிட்டு, கீழே வடிகுழாயைத் திறந்தேன். கறுப்பு மசி போல் தண்ணீர் வந்தது. ஆனால் பரண் தொட்டியில் மட்டம் இறங்கவேயில்லை. அடைப்பு அங்கேதான் என்பது உறுதியாயிற்று. தொட்டியின் மிதவையைக் கட்டிவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அந்தச் சந்தியை வெட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே பென்சில் நுழைய இடமில்லை. அந்தத் துண்டைப் புதிதாக மாற்றினேன். எரிவாயுப் பக்கம் மட்டும் கை வைக்கவில்லை. அந்த வேலையைச் சட்டப்படி கேஸ் சேஃப் பதிவுபெற்றவர்தான் செய்ய வேண்டும்.

அந்தக் கறுப்புச் சேறு என்ன? இரும்பின் ஆக்ஸைடு, மேக்னடைட். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் ரேடியேட்டர் தகட்டைத் தின்கிறது. தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். தண்ணீரைவிட ஐந்து மடங்கு கனம். அதனால் ஓட்டம் மெதுவாகும் இடத்திலெல்லாம் அடியில் தங்கிவிடும். கூடவே ஹைட்ரஜனும் உண்டாகும். நான் 'காற்று' என்று திறந்துவிட்டதில் அதுவும் இருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய தண்ணீர் கெடுதல், புதுத் தண்ணீர் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். இங்கே நேர்மாறு. உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டால் அரிப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். புதுத் தண்ணீர் வர வர, புது ஆக்ஸிஜன்.

புதுத் தண்ணீர் எப்படி வந்தது? இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கூடத்து ரேடியேட்டர் வால்வில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்தேன். இரண்டு ஆண்டுகள், தினமும் அதை எடுத்துக் கொட்டினேன்! ஒவ்வொரு சொட்டுக்கும் ஈடாகப் பரண் தொட்டி புதுத் தண்ணீர் விட்டது. புதுத் தண்ணீர் நுழைந்த அதே சந்தியில்தான் துருவும் திரண்டது. அம்மாவைக் குளிரில் உட்கார வைத்தது பாய்லர் அல்ல, நான் வைத்த கிண்ணம்.

மீதி வேலை இரண்டு வார இறுதிகளைத் தின்றது. வால்வைச் சரிசெய்தேன். கீழ்த்தள ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தோட்டத்தில் வைத்து ஹோஸ் குழாயால் கழுவினேன். கழற்றும்போது அடியில் பழைய துண்டுகளை விரிக்க மறக்காதீர்கள், அந்தக் கறை கம்பளத்தை விட்டுப் போகாது. மூடும் வால்வை எத்தனை சுற்று திருகினோம் என்று எழுதி வையுங்கள். திறக்கும்போது அதே அளவு திறந்தால்தான் எல்லா அறைக்கும் சூடு சரியாகப் பிரியும். பிறகு சேற்றைக் கரைக்கும் மருந்தை விட்டு ஒரு வாரம் ஓடவிட்டு, வடித்து, அலசி, அரிப்பைத் தடுக்கும் மருந்து ஒரு லிட்டர் சேர்த்தேன். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றும் மாட்டினேன். 2019-இல் திருத்திய பிரிட்டிஷ் தரநிலை 7593, இப்படி நிரந்தர வடிகட்டி வைக்கவும், மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதிக்கவும் சொல்கிறது.

புது பாய்லர் மாட்டியிருந்தால்? அந்தச் சேறு முழுவதும் அதன் குறுகிய குழாய்களில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டாயிரம் பவுண்டு கொடுத்து இன்னொரு பாய்லரைக் கெடுத்திருப்பேன். பழையதே இன்னும் ஏழு குளிர்காலம் உழைத்தது. அம்மாவும் டிக்கெட்டை மாற்றவில்லை.

"நமக்கு வெயிலே போதும், இந்தக் கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். வெளியே நிற்கும் உங்கள் கார்களைக் கேட்டுப் பாருங்கள். அதன் ரேடியேட்டரிலும் இதே கதைதான். கூலன்ட் குறைந்தால் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டுகிறோம். குறைந்தது எங்கே போனது என்று பார்ப்பதில்லை. துருவைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் இல்லை. அடுத்த முறை ஊற்றுவதற்கு முன், ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்.

நான் கற்றது இதுதான். சூடு வரவில்லை என்றால் நெருப்பைக் கூட்டாதே. வழி எங்கே அடைத்திருக்கிறது என்று கையை வைத்துப் பார். சொட்டுகிற இடத்தில் கிண்ணம் வைக்காதே.

சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது.