மிஞ்சிய துண்டுகளையும் சேர்ப்போம்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பிறகு, மிஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் சேர்க்கும்படி ஆண்டவர் சீடர்களைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவரே துண்டுகளை அற்பமாக எண்ணவில்லை. இந்த யூபிலி நாளில் நாம் அதைச் சிந்திப்போம்.

கொடைக்கானல் சென்றவர்களில் சிலர் செண்பகனூர் அருங்காட்சியகத்தைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள திருஇருதயக் கல்லூரி, இயேசு சபையார் தம் குருமாணவர்களுக்காக 1895இல் நிறுவிய சிறு கல்லூரி. பாடம் செய்த விலங்குகள், பறவைகள், பூச்சிகள், செடிகொடிகள் எனப் பழனி மலையின் படைப்பு வளமெல்லாம் அங்கே சேர்க்கப்பட்டது. மதுரை மறைத்தளத்தின் பழைய கடிதங்களும் ஏடுகளும் அங்கே பேணப்பட்டன. அக்குருக்களில் அங்லாத் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் மலையிலுள்ள கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை, 1928இல் இந்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டது.

சேர்ப்பது ஒருவர் காலத்தில் முடியும். காப்பதோ தலைமுறைதோறும் தொடர வேண்டிய பணி. மலைப் பனியில் தோலும் தாளும் பூஞ்சணம் பூக்கும். வெயில் பட்டால் சிறகின் நிறம் மங்கும். உரோமத்தை அந்துப்பூச்சியும், ஏட்டை இராமபாணப் பூச்சியும் அரிக்கும். இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. எங்கே, எந்நாளில், யாரால் கிடைத்தது என்ற சிறு சீட்டு தொலைந்தால், பொருள் இருந்தும் ஊமையாகிவிடும்.

நம் பங்கிலும் ஒரு கருவூலம் உண்டு. அது திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள். திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் இவற்றை எழுதிவரக் கட்டளையிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் 535ஆம் பிரிவில், பழைய பதிவேடுகளைக் கவனமாகக் காக்கப் பணிக்கிறது.

இதில் நம் குற்றத்தையும் அறிக்கையிடுகிறோம். முன்பு வேறொரு பங்கில், கிழிந்த பதிவேட்டை நல்லெண்ணத்தோடு ஒட்டுநாடாவால் ஒட்டினோம். ஆண்டுகள் சில சென்றதும் பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிட்டது. தன் பாட்டியின் திருமுழுக்குப் பதிவைத் தேடி வந்த ஒரு பெண்ணுக்கு அந்த வரியை நம்மால் வாசித்துக் காட்ட முடியவில்லை. அவள் கண்ணீர் இன்னும் நம் நெஞ்சில் இருக்கிறது.

ஆகவே, யூபிலி நினைவாக இதைச் செய்வோம். பதிவேடுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில் வைப்போம். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய திருவிழாப் படங்களைக் கொண்டுவாருங்கள். முதியோர் முகங்களை அடையாளம் சொல்ல, இளைஞர் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதட்டும். முதியோர் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

பன்னிரண்டு கூடைகளை நிறைத்த ஆண்டவர் நம் சிறு கூடையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.