டெமெத்ரியஸின் இரவுகள்

நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிடித்த சரித்திர நாவல் பற்றிப் பேசச் சொன்னார்கள். லாயிட் டக்ளஸ் 1942இல் வெளியிட்ட ‘தி ரோப்’ நாவலை எடுத்துக்கொண்டேன். நர்சிங் டிப்ளமோ படித்தபோது விடுதியில் கைக்குக் கிடைத்தது. அப்போது சதிகளுக்காகத்தான் வாசித்தேன்.

சிலுவையின் கீழே வீரர்கள் இயேசுவின் அங்கிக்குச் சீட்டுப் போட்டதாகச் சுவிசேஷத்தில் வருகிறது. அந்த அங்கி பிறகு என்னவாயிற்று என்று ஒரு வாசகி கடிதத்தில் கேட்டதுதான் நாவலுக்கு வித்து. டக்ளஸின் கற்பனையில் அதை ஜெயித்தவன், அன்று படைக்குத் தலைமை தாங்கிய ரோமானிய அதிகாரி மார்செல்லஸ். இளவரசனின் பகை, துணி வியாபாரி வேஷத்தில் கலிலேயாவில் துப்பறிதல், ரோமில் ரகசியக் கூட்டங்கள் என்று கதை விறுவிறுவென்று போகும். 1953இல் வந்த சினிமாஸ்கோப் படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.

போன வருடம் மறுபடி வாசித்தபோது சதிகளையெல்லாம் வேகமாகத் தாண்டிவிட்டேன். மனதில் நின்றவன் டெமெத்ரியஸ். மார்செல்லஸின் கிரேக்க அடிமை.

சிலுவைக் காட்சிக்குப் பிறகு மார்செல்லஸின் மனம் உடைந்துபோகிறது. அன்று அங்கே இருந்தாயா என்று சம்பந்தமே இல்லாதவர்களிடமும் கேட்கிறான். அவனைப் பார்த்துக்கொள்வது டெமெத்ரியஸின் வேலையாகிறது.

என் வார்டில் மறதி நோயுள்ள ஒரு பெரியவர் இருந்தார். மனைவி வந்துவிட்டாளா என்று இரவெல்லாம் கேட்பார். ஒருநாள் வேலை மிகுதியில், இப்போதுதானே சொன்னேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர். இந்தப் புத்தகத்தை மறுபடி தேடி எடுத்தது அதற்கப்புறம்தான்.

அங்கியைத் தொட்டதும் மார்செல்லஸ் தெளிந்துவிடுகிறான். விசுவாசியான நான் அற்புதத்தை மறுக்கவில்லை. ஆனால் நாவலில் அந்த இடம் எனக்குக் கொஞ்சம் சுலபமாகப் படுகிறது. அதற்கு முந்தைய நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. எஜமானின் மானம் போகாமல், அவன் கேள்வியைக் கேலி செய்யாமல் ஒருவன் கூடவே இருக்கிறானே, அந்த நாட்கள்.

அடிமைக்கு வேறு போக்கிடம் ஏது, அதை நட்பு என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். டக்ளஸ் அதை இன்னும் கடுமையாக விசாரித்திருக்கலாம். நானும் சம்பளத்துக்குத்தானே அந்தக் கட்டிலருகே நின்றேன்? ஆனாலும் அவன் பொறுமை சம்பளக் கணக்கில் வராது. என் வெடுக்கும் வராது.

இனி நீங்கள் கேளுங்கள். கேட்டதையே திரும்பக் கேட்டாலும் பரவாயில்லை.