படத்தில் ஒன்று, பார்சலில் ஒன்று

(தலைப்பு: இணையத்தில் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? ‘விற்றவருடையதே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! விருதுநகர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் காபி டம்ளரோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே!

எதிரணித் தம்பி கேட்டார்: “பார்த்து வாங்கத் தெரியாதவருடைய செலவை விற்றவர் ஏன் சுமக்கணும்?” நீங்களும் கை தட்டினீங்க. பார்த்துத்தான் தம்பி வாங்கினோம்! எங்க வீட்டம்மா போன்ல அரை மணி நேரம் பார்த்தாங்க. குத்துவிளக்கு. ‘இரண்டடி உயரம், சுத்தப் பித்தளை’ன்னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு பொண்ணு பட்டுச்சேலை கட்டி நிக்குது. பார்சல் வந்துச்சு. நானும் பிரிக்கிறேன், பிரிக்கிறேன், தாளா வருது. கடைசியில உள்ளங்கையில ஒண்ணு நிக்குது. (சிரிப்பு) துடைச்சா மஞ்சள் உரிஞ்சு வெள்ளையாயிருச்சு. “என்னங்க, இது விளக்கா, விளக்கு போட்ட குட்டியா?”ன்னாங்க. (பலத்த சிரிப்பு)

விற்றவருக்குப் போன் போட்டேன். “தாராளமா அனுப்புங்க சார், கூரியர் செலவு உங்களது”ன்னார். விளக்கு 349 ரூபாய். கூரியர் 180 ரூபாய். ஏமாந்ததுக்கு மேல அபராதம்!

நடுவர் அவர்களே, இது விருதுநகர். வத்தலும் பருப்பும் எண்ணெயும் விற்று வளர்ந்த ஊர். இங்கே வந்து நான் வியாபாரம் சொல்லிக் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் கேட்கிறேன். மண்டியில மாதிரியைக் கையில அள்ளிப் பார்த்து விலை பேசுறீங்க. மூட்டையைப் பிரிச்சா வெளுத்துப்போன சண்டு வத்தல். லாரி வாடகை கொடுத்து நீங்களா திருப்பி அனுப்புவீங்க? “உன் மூட்டை இங்க கெடக்கு, வந்து எடுத்துட்டுப் போ”ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீங்க! (கைதட்டல்)

நீங்க சொல்றதைத்தான் சட்டமும் சொல்லுது. 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 43-வது பிரிவு. மறுக்க உரிமையுள்ளவர் சரக்கை மறுத்துவிட்டால், அதை அவர் திருப்பி அனுப்பவே வேண்டியதில்லை. ‘ஏற்க மாட்டேன்’ என்று தெரிவித்தால் போதும். ஆனா அதே பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கு: ‘வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய.’ இன்றைக்கு அந்த வாசல் வழியாத்தான் கூரியர் பில்லு நம்ம வீட்டுக்குள்ள வருது. பொடி எழுத்தில் நாற்பது பக்கம். கீழே ‘சம்மதம்’னு ஒரு கட்டம். யார் படிச்சா? தமிழ்ப் பேராசிரியர் நானே படிக்கலை!

2020 ஜூலையில் மின் வணிக விதிகள் வந்தன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தை முன்கூட்டியே சொல்லணும்னும் இருக்கு. சொல்லணும், சரி, கட்டுறது யாரு? அதை ஒரு வரி பளிச்சென்று எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தப் பட்டிமன்றமே இல்லை. (சிரிப்பு) இங்கிலாந்தில் 2015-ல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், உரிமைப்படி மறுத்த பொருளைத் திருப்பி அனுப்பும் நியாயமான செலவு வியாபாரியுடையது என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

எதிரணித் தலைவர் சிவகாசிக்காரர். “கல்யாணத்துக்குச் சேலையைக் கட்டிட்டு மறுநாள் திருப்பி அனுப்புறாங்களே, அதுக்கும் நாங்கதான் அழணுமா?” என்றார். நியாயமான கேள்வி. அய்யா, மனசு மாறினா நாங்க கட்டுறோம். பொருள் மாறினா நீங்க கட்டுங்க. (கைதட்டல்) இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

“சின்ன வியாபாரி நொடிஞ்சு போவான்” என்றும் சொன்னார். உங்க ஊர்ப் பட்டாசுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. இணையத்தில் ஆர்டர் எடுக்கக் கூடாதென்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காலண்டர், டைரி, நோட்டு என்று வைத்துக்கொள்வோம். இருநூறு பக்கம்னு எழுதி இருநூறு பக்கம் அனுப்புகிற அச்சகக்காரருக்கு இந்த வகையில் திரும்பி வரும் செலவு எவ்வளவு? சுத்தமா ஒண்ணுமில்லை! நூற்று இருபது பக்கம் அனுப்பிவிட்டு இருநூறு என்று எழுதுகிறவர்தான் விலையைக் குறைத்து அவர் வாடிக்கையாளரைக் கொண்டு போகிறார். அய்யா யாருக்காகப் பேசுகிறார்?

சாத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தாய். மகன் எங்க கல்லூரியில் படிக்கிறான். அவனுக்குத் தோல் ஷூன்னு 499 ரூபாய்க்கு வாங்கினாங்க. வந்தது அட்டை. பெரிய கம்பெனிகள் பல வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கிறாங்க. அதை நான் மறுக்கலை. ஆனா அந்தக் கிராமத்துக்கு எடுக்க ஆள் வர மாட்டான். பஸ் ஏறி டவுனுக்குப் போய் அனுப்பணும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, பார்சல் காசு போச்சு. நான் கேட்டேன், “ஏம்மா அனுப்பலை?” “அனுப்புனா செருப்பும் போயிரும், காசும் போயிரும் சார். இதையாவது போடட்டும்”னாங்க.

நடுவர் அவர்களே, விற்றவருக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும். நூறு பேருக்கு அட்டை அனுப்பினா எத்தனை பேர் கைக்காசு போட்டுத் திருப்புவாங்க? அந்தக் கூரியர் காசு நம்ம தலையில இருக்கிற வரைக்கும் பொய் லாபம். அவர் தலைக்கு மாறிய அன்றைக்கு ‘இரண்டடி’ங்கிற இடத்துல ‘நாலு அங்குலம்’னு அவரே திருத்தி எழுதுவார்!

சிலம்பை அரசியுடையது என்று தவறாக விவரித்தவன் பொற்கொல்லன். விலை கொடுத்தவன் கோவலன். அந்த வழக்கையே நாம் இன்னும் முடிக்கவில்லை.

பணம் திரும்பவில்லையா, 1915-க்குப் போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமில்லை. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். நான் மனு எழுதிவிட்டேன். சாட்சியத்தை மேடைக்கே கொண்டு வந்திருக்கிறேன், சட்டைப் பையில் இருக்கிறது. (விளக்கை எடுத்துக் காட்டுகிறார், பலத்த சிரிப்பு, கைதட்டல்) நடுவர் அவர்களே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.