அட்லஸை எங்கே வைப்பது?

நூலக அறிவியலில் இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே!

பட்டமளிப்பு மேடைக்கு வழக்கமாகத் துணைவேந்தரையோ விஞ்ஞானியையோ கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் புத்தகம் எடுத்துக் கொடுத்தவளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மாமியார் கேட்டார்: "பொம்மை புஸ்தகம் எடுத்துக் குடுக்குறதுக்கா எம்.லிப் படிச்ச?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று சொல்கிறேன், அவர் இல்லை, நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொம்மையிலிருந்தே தொடங்கலாம். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். வந்த சில நாளிலேயே சலித்துப்போய், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகள், அதே திருகுகள். ஒரு தடவை வண்டி ஆகிறது, இன்னொரு தடவை பாலம் ஆகிறது. நூல்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் என்னும் நூல் பகுப்புமுறைக்கு வித்து அதுதான். நீங்கள் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்த பாடம் ஒரு பொம்மைப் பெட்டியில் முளைத்தது!

பெரியவர்கள் நூலகத்துக்கு வந்தால் தலைப்பைச் சொல்வார்கள், ஆசிரியர் பெயரைச் சொல்வார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் எப்படிக் கேட்பான் தெரியுமா? "மிஸ், அந்த நீலக் கலர் புக்கு... அதுல ஒரு யானை கோவிச்சுக்கிட்டுப் போகுமே!" யானை டூயி தசமப் பகுப்பில் 599.67. கோபித்துக்கொண்டு போகும் யானைக்கு எண் கிடையாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அடுக்கில் இருக்கும் அத்தனை படப் புத்தகத்தையும் நீங்கள் படித்திருக்க வேண்டும். என் வேலையில் பெரிய சந்தோஷமே, சம்பளம் வாங்கிக்கொண்டு அவற்றையெல்லாம் படித்ததுதான்.

மற்றபடி என் நாள் இப்படித்தான் போகும். பிள்ளைகளுக்குத் தசம எண் புரியாது. அதனால் புத்தக முதுகில் எண்ணுக்கு மேலே கலர் காகிதம் ஒட்டுவேன். லைப்ரரி பீரியடில் பாயில் உட்கார்த்திவைத்துக் கதை படிப்பேன். புலி வரும் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். நாற்பது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். சனிக்கிழமை கிழிந்த புத்தகங்களை ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவோம். பூச்சி அண்டாமல் இருக்கத் துளி மயில்துத்தம் சேர்க்க வேண்டும். அது விஷம் என்பதால் அந்த வேலை மட்டும் என்னுடையது. பசை ஆறிய பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழந்துணியைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். இராமபாணப் பூச்சி துளைத்த பக்கங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, "மிஸ், வானத்துல நட்சத்திரம்!" என்பார்கள்.

ஒரு வருடம் கோடை விடுமுறை முடிந்ததும் ஒரு வேலை செய்தேன். மூன்றாம் வகுப்பைக் கூப்பிட்டு, ஓர் அலமாரியைக் காலி செய்து, "நீங்களே அடுக்குங்க, எப்படி வேணும்னாலும்" என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டு மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: சிரிக்க வைக்கிறது, பயம் காட்டுறது, அழ வைக்கிறது. அழ வைக்கிற அடுக்கில் அட்லஸ் ஒன்று இருந்தது.

வைத்தவள் யார் என்று கேட்டேன். எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி வந்தாள். ஆசியப் படத்தைப் பிரித்து, கத்தார் மேல் ஒரு விரலும் நம் ஊர் மேல் ஒரு விரலும் வைத்தாள். "ஒரு சாண்கூட இல்ல மிஸ். அப்பா இன்னும் வரல."

அட்லஸுக்கு எண் 912. எனக்கு அதுதான் தெரிந்திருந்தது. ஒரு நூலின் பொருளை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களாகப் பார்க்கச் சொன்னார் ரங்கநாதன். அந்தச் சிறுமி ஆறாவதாக ஒரு முகத்தைக் காட்டினாள்: யார் கையில் இருக்கிறது என்பது. ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதைத் தேர்வுத்தாளில் நான் நன்றாகவே எழுதியிருந்தேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். அதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறார்கள். பிள்ளையின் காலை வைத்துப் போட்ட பகுப்பு அது. ஆனால் பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நூலகர் என்றொரு பணியிடமே இல்லை. வகுப்பெடுக்கும் ஆசிரியரே அதையும் பார்த்துக்கொள்கிறார். புத்தகம் கிழிந்தால், தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் சில இடங்களில் பீரோ பூட்டியே கிடக்கிறது. உங்களில் பலருக்குப் பெரிய நூலகங்களில் வேலை கிடைக்கும், போங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய், அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து பீரோவைத் திறக்க உதவுங்கள். கிழிந்தால் ஒட்ட நாம் இருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

அந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்ப் பல வருடமாகிறது. பதிவேட்டில் அட்லஸ் இன்னும் 912தான். இருப்புச் சரிபார்க்க வருகிறவர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். அவர் போனதும் திரும்ப அழ வைக்கிற அடுக்கிலேயே வைத்துவிடுவேன்.