கைப்பிடியும் ஆட்டமும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று, வாளிச் சக்கரத்தால் மண்ணை அகழும் மாபெரும் இயந்திரத்தைக் கண்டிருப்பீர்கள். அறையில் அமர்ந்தவர் சிறு நெம்புகோலை அசைக்கிறார். குன்றனைய இரும்பு திரும்புகிறது.

ஆட்டக் கருவிகளும் அவ்வாறே. 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் கைப்பிடியில் சிலுவை வடிவப் பொத்தான் ஒன்று இருந்தது. அதற்கேற்ப வீரனும் இடம் வலம், மேல் கீழ் என ஓடினான். 2011-இல் வந்த ‘ஸ்கைவர்டு சோர்ட்’ என்னும் சாகச ஆட்டத்திலோ கைப்பிடியே வாளாயிற்று. மணிக்கட்டுச் சாயும் பக்கம் வாளும் சாயும். பகைவன் ஒருபுறம் தடுத்தால் மறுபுறம் வெட்ட வேண்டும். வெறும் வேகம் உதவாது. கண் பார்த்துக் கை தேர வேண்டும்.

இந்நகரியத்தில் வாழும் என் தமையன் மகனுக்கு மணிக்கட்டு முறிந்து, பின்னர் முழுதும் வளையவில்லை. தோழர் வாள் வீச, அவன் வெறுமனே பார்த்திருந்தான்.

2021-இல் அவ்வாட்டம் ஸ்விட்ச் கருவிக்கு மறுபதிப்பாக வந்தது. கையை வீசாமல், வலப்புறக் குமிழைச் சாய்த்தே வெட்டும் திசையைக் காட்டலாம். தடுப்பறிந்து வெட்டும் விதி மாறவில்லை. குமிழை வாளுக்குக் கொடுத்துவிட்டதால், சுற்றிலும் பார்க்க வேறொரு பொத்தானையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது தொல்லை என்று முணுமுணுத்தான்.

கட்டைவிரலால் முதற்பகைவனை வீழ்த்திய மாலை அவன் எழுப்பிய கூச்சலில், என் அண்ணி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.